சுகமாயிட்டார்தானே?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை கல்முனைச் சந்தையில் ஒருவர் எங்கள் மகனை நிறுத்திக் கேட்டிருக்கிறார்: "உங்கட வாப்பாக்கு சுகமாயிட்டுத்தானே மனெ? பள்ளிக்கு வாறார், சிரிச்சுக் கதைக்கார். பிறகென்ன, தொழிலப் பார்க்காம வீட்டயே குந்திட்டிரிக்கார்?" மகனுக்குப் பதினாறு வயது. பதில் சொல்லாமல் வந்துவிட்டான். மரக்கறிப் பையை அடுப்படியில் வைத்துவிட்டு, "உம்மா, வாப்பாக்கு என்ன எண்டு நாம ஆக்களுக்கு எப்படிச் சொல்ற?" என்று கேட்டான்.

கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை. வாட்டில் கிடந்த நாட்களில் இரண்டு தரம் வந்து பார்த்தவர், பிள்ளைகளின் கையில் காசு வைத்துவிட்டுப் போனவர். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூன்று வருடமாக நாங்களும் யாருக்கும் சொல்லவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், இப்ப சுகம்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அதனால்தான் எழுதுகிறோம்.

எழுதலாமா என்று பிள்ளைகளின் வாப்பாவிடம் கேட்டோம். "எழுதுங்க, பேர் போடாதீங்க" என்றார். மறந்திருப்பார் என்று மறுநாளும் கேட்டோம். "நேத்தே சொன்னேனே, எத்தினை தரம் கேக்கிற?" என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் எங்களுக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. நேற்று நடந்தது அவருக்கு இன்று ஞாபகம் இருக்கிறது!

நாங்கள் என்று எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அடிபட்டது ஒரு தலையில்தான். ஆனால் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேருக்கும் அது நடந்தது.

2022 நவம்பர். அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோலுக்குக் கியூ.ஆர் கோட், நூல் விலை எட்டாத உயரம். வீட்டுக்குப் பின்னால் அவருடைய நாலு தறியில் இரண்டு ஓடாமல் நின்றன. அன்று இஷாவுக்குப் பிறகு கல்முனையில் ஒரு கடைக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு மருதமுனைக்குத் திரும்பி வந்தார். மாரி மழை. பத்து நிமிட ஓட்டம்கூட இல்லை. ஹெல்மட் இருந்தது, ஆனால் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. "கிட்டத்தானே, பொலிஸ் இந்த நேரம் நிற்காது" என்பது நம்மூர்க் கணக்கு. குறுக்கே நாய் பாய்ந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு அந்த மாலை முழுவதும் இல்லை. அஸர் தொழுதது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு வாட்டின் மின்விசிறிதான். நடுவில் ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டி எடுத்தது போல.

தூக்கியவர்களில் ஒருவர் கையைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார், தலை தொங்கியது. பாண்டிருப்பு ஓட்டோக்காரர் ஒருவர்தான் சத்தம் போட்டு நிறுத்தி, கழுத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லி, தன் சீட்டின் மேல் நேராகக் கிடத்திக் கொண்டுவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவருடைய பெயரைக்கூட அன்று யாரும் கேட்கவில்லை.

கல்முனையிலிருந்து அன்றிரவே அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அங்கேதான் "ஜி.சி.எஸ் ஏழு" என்ற சொல்லை முதன்முதல் கேட்டோம். ஏழு நல்லதா கெட்டதா என்று தெரியாமல், நூற்றுக்கு ஏழா என்று கேட்டோம். ஆசிரியர் வேலையின் பழக்கம். அது 1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனெட் என்ற இரண்டு வைத்தியர்கள் உருவாக்கிய அளவு. கண் திறப்பதற்கு நாலு புள்ளி, பேச்சுக்கு ஐந்து, கை கால் அசைவுக்கு ஆறு, மொத்தம் பதினைந்து. ஆகக் குறைந்தது மூன்று. ஒன்றுமே செய்யாதவருக்கும் மூன்று உண்டு. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம்.

அவர் விழுந்தது பின்தலை அடிபட. ஸ்கேனில் இரத்தம் கசிந்திருந்தது நெற்றிப் பக்கம். எங்களுக்கு விளங்கவில்லை. ஓர் இளம் டொக்டர், நம்முடைய பக்கத்துப் பிள்ளைதான், பொறுமையாகச் சொன்னார்: "டீச்சர், சட்டித் தயிர் வாங்கிட்டு ஓட்டோல வாறீங்க. திடீரெண்டு பிரேக் அடிக்கிறான். சட்டி உடையல்ல. உள்ளுக்குத் தயிர் என்னாகும்?" மூளை அந்தத் தயிர் மாதிரித்தான் மெதுவானது. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வைத்திருக்கும் மண்டையோட்டின் உட்பக்கம், நெற்றிக்கும் பொட்டுக்கும் கீழே, கரடுமுரடான எலும்பு. பின்னால் அடிபட்டாலும் மூளை முன்னால் போய் அந்த எலும்பில் உரசும். வெளியே ஒரு கீறல் இல்லாமலே உள்ளே கலங்கிப்போகும்.

இருபத்து நாலு நாள் வாட்டில். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஊரே எங்களோடு நின்றது. சாப்பாடு வந்தது, இரத்தம் தந்தார்கள், பள்ளியில் துஆக் கேட்டார்கள். அந்த வருடம் வலிப்பு மாத்திரைகூட வெளியே பாமசி பாமசியாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. யார் யாரோ கொழும்பிலிருந்து அனுப்பினார்கள். அல்லாஹ் அவர்கள் எல்லோருக்கும் நற்கூலி கொடுக்கட்டும். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று கந்தூரி மாதிரிக் கூட்டம். அன்றோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

வந்து ஒரு கிழமைக்குள் எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. நடக்கிறார், ஓதுகிறார், எல்லோருடைய பெயரும் தெரிகிறது. ஆனால் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். "முகம் கழுவுங்க" என்றால் எழும்பிக் கழுவுவார். சொல்லாவிட்டால் லுஹர் வரை அங்கேதான். முன்பு சுபஹோடு தறிக்குப் போகிற மனிதர். சின்ன மகள் சொன்னது சரியாக இருந்தது: "வாப்பாட சாவி ஓஃப்ல கிடக்கு."

இன்னொரு பக்கம் பிரேக் இல்லை. மனதில் வருவதெல்லாம் வாயில் வரும். வீட்டுக்கு வந்த சாச்சாவிடம் "நீங்க ஏன் இவ்வளவு கொழுத்திட்டீங்க?" என்றார். பிள்ளை கரண்டியைக் கீழே போட்டால் கையில் இருப்பதை எறிவார். அரை மணித்தியாலத்தில் அழுவார். அதற்கும் அரை மணித்தியாலம் போனால் எறிந்ததும் தெரியாது, அழுததும் தெரியாது. ஞாபகத்தில் ஓட்டை விழுந்த இடத்தை அவர் மனமே கதை கட்டி நிரப்பும். "காலையில் காத்தான்குடிக்குப் போய் வந்தேன்" என்பார். வீட்டை விட்டு இறங்கியே இருக்க மாட்டார். அது பொய் இல்லை. பொய் சொல்கிறவருக்கு உண்மை தெரிந்திருக்கும். இவருக்குத் தெரியாது.

மணம் முழுவதும் போய்விட்டது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நுண்ணிய நரம்புகள் அந்த அதிர்ச்சியில் அறுந்துபோவது இந்தக் காயத்தில் அடிக்கடி நடப்பது என்றார்கள். நெய்ச்சோற்றுக்கும் வெறுஞ்சோற்றுக்கும் அவருக்கு வித்தியாசம் இல்லை. காஸ் கசிந்தாலும் தெரியாது. ஒருநாள் பால் பற்றிப் பாத்திரம் கருகும் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

நம் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார், ஆனால் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது கிடையாது. பதினெட்டு வருடம் எங்கள் உம்மாவும் அவரும் ஒரே வளவில் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசிக்கொண்டார்கள், அதுவும் பிள்ளைகள் மூலமாக. அடிபட்ட பிறகு அவர் ஒருநாள் நேரே அடுப்படிக்குள் போய் உம்மாவுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, "மாமி, என்ன ஆக்குறீங்க?" என்றார். உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பிப் பின்வாசலால் போய்விட்டார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் உம்மா எழும்பவில்லை. இன்று அவருடைய மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பது உம்மாதான். எந்தக் கோபத்திலும் உம்மாவின் சொல்லை மட்டும் கேட்பார். பதினெட்டு வருடமாக என் மருமகன் இப்படிப் பகிடியான ஆள் என்று எனக்குத் தெரியாதே என்று உம்மா சொல்கிறார். காயம் எங்களுக்கு எடுத்துத் தந்த ஒன்றும் இருக்கிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, 2005இல் பாடசாலைகள் திரும்பவும் தொடங்கியபோது, எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கடல் அடித்ததில் சுவர் விழுந்து தலையில் அடிபட்டவன். தையல் காய்ந்துவிட்டது. முன்பு கணக்கில் கெட்டிக்காரன், இப்போது கரும்பலகையைப் பார்த்தபடியே இருப்பான். பதினொரு மணியானால் மேசையில் தலை சாய்ப்பான். சத்தம் வந்தால் காதைப் பொத்துவான். தாயை இழந்த கவலை என்று முதலில் பொறுத்தோம். பிறகு சோம்பல் என்றோம். பிறகு வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டுவிட்டான். அவன் மூளை காயப்பட்டிருந்தது, மற்றவர்களுக்கு ஒரு பாடத்துக்கு ஆகும் களைப்பு அவனுக்கு ஐந்து நிமிடத்தில் வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது வீட்டில் ஒருவர் பதினொரு மணிக்குத் தலை சாய்க்கும்போது அந்தப் பையன்தான் கண்ணில் நிற்கிறான். எங்கே இருக்கிறான் என்று விசாரித்தோம். கட்டாரில் என்றார்கள். சந்தித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஊர் சும்மா இருக்குமா? ஜின் பிடித்திருக்கிறது, அந்த இடத்தில் முன்பும் இருவர் விழுந்தார்கள் என்றார்கள். ஓதிப் பார்த்தோம். ஏன் மறைக்க வேண்டும்? ஓதிய தண்ணீர் குடிப்பித்தோம், இஷாவுக்குப் பிறகு யாஸீன் ஓதினோம், இன்னும் ஓதுகிறோம், எங்கள் மனம் அமைதியாகிறது. ஆனால் ஒருவர் வந்து, மாத்திரையை நிறுத்தினால்தான் ஓதல் பலிக்கும் என்றார். அவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மாத்திரை நின்றால் என்ன நடக்கும் என்று அடுத்த நோன்பில் தெரிந்தது. 2023 றமழான். அவருக்குத் தெரியாமல் நோன்பு தவறுவதா என்ற எண்ணத்தில் ஸஹருக்கும் எழும்பாமல், காலை மாத்திரையை நாக்கின் கீழ் ஒளித்துத் துப்பிவிட்டு, எங்களுக்குச் சொல்லாமல் நோன்பு பிடித்திருக்கிறார். நாலாம் நாள் அஸருக்கு வலிப்பு வந்தது. அடுத்த வீட்டார் கையில் இரும்புத் திறப்பைத் திணித்தார்கள், ஒருவர் வாய்க்குள் கரண்டியை விடப் பார்த்தார். எல்லாம் அன்பில் செய்ததுதான், ஆனால் பல் உடைந்து தொண்டைக்குள் போயிருக்கும். ஒரு பக்கமாகச் சரித்து, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, வாய்க்குள் ஒன்றும் விடாமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. பிறகு மௌலவியும் வீட்டுக்கு வந்து, உங்களுக்கு நோன்பு இல்லை, பித்யா கொடுங்கள், இதுவும் மார்க்கம்தான் என்று அவருடைய கையைப் பிடித்துச் சொன்னார். டொக்டர் சொன்னதை விட அது அவருக்கு இறங்கியது. தொழுகையில் ரக்அத் கணக்கு தவறும். அதனால் முடிந்தவரை ஜமாஅத்துக்குக் கூட்டிப்போகிறோம். கணக்கை இமாம் பார்த்துக்கொள்வார். சந்தையில் கேட்டவர் பார்த்ததும் இந்தப் பள்ளிக்குப் போகிற மனிதரைத்தான்.

அந்த வருடம் நடுவில் இன்னொன்று நடந்தது. நாங்கள் பாடசாலையில் இருந்த நேரம் தெரிந்த ஒருவர் வந்து, ஓடாமல் கிடந்த நாலு தறியையும் மிச்சமிருந்த நூலையும் விலை பேசி, கடுதாசியில் கையொப்பம் வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விலையைச் சொன்னால் வெட்கம். நூலின் பெறுமதிகூட இல்லை. போய்க் கேட்டோம். "பெரிய மனுசன், தெளிவாத்தானே கதைச்சார்? நான் பலவந்தப்படுத்தினனா?" என்றார். உண்மைதான். தெளிவாகத்தான் கதைப்பார். அதுதான் இந்தக் காயத்தின் பொல்லாத்தனம். கால் உடைந்தவரிடம் ஓடிவா என்று யாரும் சொல்வதில்லை. முன்மூளை உடைந்தவரிடம் வியாபாரம் பேசுகிறோம், ஏனென்றால் அவர் சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறார்.

குடி மரைக்காயர் முன்னால் இரண்டு தரம் கூடினோம். மார்க்கத்தில் ஹஜ்ர் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் நாங்களும் படித்தோம். தன் சொத்தைத் தானே நட்டப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருப்பவரின் கொடுக்கல் வாங்கலை, அவருடைய நன்மைக்காகவே தடுத்துவைப்பது. தண்டனை இல்லை, பாதுகாப்பு. அவரை முன்னால் வைத்துக்கொண்டே இதைப் பேச வேண்டியிருந்தது. தன்னைச் சின்னப் பிள்ளை ஆக்குகிறார்கள் என்று எழும்பிப் போய்விட்டார். கடைசியில் நாலு தறியில் ஒன்று திரும்பி வந்தது. மற்ற மூன்றும் ஏற்கெனவே கைமாறிவிட்டன. யார், எந்தத் தெரு என்றெல்லாம் இங்கே கேட்காதீர்கள். ஊகித்தும் எழுதாதீர்கள்.

அந்த ஒற்றைத் தறி இரண்டு மாதம் தாழ்வாரத்தில் கிடந்தது. ஒருநாள் நாங்கள் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது சத்தம் கேட்டது. டக், டக். மூன்று வீட்டுக்கு அப்பாலேயே கேட்டது. பழைய நெசவாளி ஒருவர், அவருடைய வாலிபத் தோழர், யாரிடமும் கேட்காமல் வந்து பாவு கட்டி, கால்மிதியில் அவருடைய காலைத் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். நேற்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதரின் கையும் காலும் ஒன்றும் மறக்கவில்லை. நாடா அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் வருகிறது. வேறு கவலையில்லாத முகம். உம்மா அடுப்படி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னோம். நடந்ததை ஞாபகம் வைப்பதும் பழகிய தொழிலைச் செய்வதும் மூளையில் வெவ்வேறு வேலைகள், முதலாவது உடைந்தாலும் இரண்டாவது பெரும்பாலும் தப்பிவிடும் என்றார். அமெரிக்காவில் 1848இல் பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதை வேலையாளின் முன்மூளைக்குள்ளால் ஓர் இரும்புக் கம்பி பாய்ந்து போனது. உயிர் தப்பினார். ஆனால் குணம் முற்றாக மாறிப்போனது என்று மருத்துவப் புத்தகங்களில் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதையை நாங்களும் படித்திருந்தோம். அதே ஆள் பிறகு சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. தினமும் அதே பாதை, அதே நேரம், அதே வேலை. எங்களுக்கு அந்தப் பின்பாதிதான் தேவைப்பட்டது.

அன்றிலிருந்து வீட்டையே தறி மாதிரி ஆக்கினோம். கட்டிலுக்கு நேரே ஒரு வெள்ளைப் பலகை. சுபஹ், முகம் கழுவுதல், மாத்திரை, தேத்தண்ணி, தறி, பத்தரைக்குத் தூக்கம், லுஹர். முடித்ததை அவரே அழிப்பார். இடம் மாற்றி எதையும் வைப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அவரோடு பேசுவோம். ஸ்பீக்கர் கட்டிய கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. வராவிட்டால் கோபிக்காதீர்கள், பகையில்லை. இரண்டு நாளுக்கு ஒரு சாரன் நெய்த கை இப்போது இரண்டு கிழமைக்கு ஒன்று நெய்கிறது. கரை சில வேளை கோணலாக இருக்கும். சொந்தக்காரர்கள் வாங்கிக் கட்டுகிறார்கள். கணக்கு வழக்கு எங்கள் மூத்த மகளின் கையில். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டோம். வலிப்பு வந்தவர் ஓட்டக்கூடாது. திறப்பைத் தேடி அலுமாரி எல்லாம் கலைத்த நாட்கள் இருந்தன. இப்போது தேடுவதில்லை. தேடாமல் விட்டதும் எங்களுக்குக் கவலையாகத்தான் இருந்தது.

எங்களைப் பற்றியும் இரண்டு வரி. பெண்கள் சிலர் வந்து, வயது இருக்குத்தானே, காதியிடம் போய் பஸ்ஹ் எடுக்கலாமே என்று காதோடு சொன்னார்கள். அவர்களை ஏசவில்லை. அந்த நினைப்பு எங்களுக்கும் வந்த இரவுகள் உண்டு. கல்யாணம் முடித்த மனிதர் அந்த ரோட்டிலேயே மௌத்தாகி, அதே முகத்தோடு வேறு ஒருவர் வீட்டுக்கு வந்தது போல இருந்தது. மௌத்தாகியிருந்தால் இத்தா இருந்திருப்போம், ஊர் வந்து ஆறுதல் சொல்லியிருக்கும். இதற்கு இத்தாவும் இல்லை, அழுவதற்கு ஒரு நாளும் இல்லை. பாடசாலை மலசலகூடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்து ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருக்கிறோம். இப்போது அழுவது குறைந்துவிட்டது. பழைய மனிதரை எதிர்பார்ப்பதை விட்ட பிறகுதான் இந்த மனிதரைப் பார்க்க முடிந்தது. இவர் பகிடி விடுகிறார். இவர் பூனைக்குச் சோறு வைக்கிறார். முன்னவர் பூனையைத் துரத்துவார்.

எங்களுக்கு உதவ விரும்புகிறவர்களுக்கு. காசு வேண்டாம். வருகிறவர்கள் இரண்டு பேராக வாருங்கள், பத்துப் பேராக வேண்டாம். "என்ன ஞாபகம் இரிக்கா? நான் யார் சொல்லுங்க பாப்பம்?" என்று சோதனை வைக்காதீர்கள். வியர்த்துப்போகிறார். பெயரைச் சொல்லிக்கொண்டு உட்காருங்கள். கிழமையில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் யாராவது அவரோடு கடற்கரைக்கு நடந்தால் எங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் நித்திரை.

வாலிபப் பிள்ளைகளுக்கு. 1962இல் இந்திய கிரிக்கெட் கெப்டன் நரி கொன்ட்ராக்டருக்கு பார்படோஸில் பந்து பட்டு மண்டையோடு உடைந்தது. அவருக்கு இரத்தம் கொடுத்தவர்களில் எதிரணிக் கெப்டன் பிராங்க் வொரலும் ஒருவர். பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் தலைக்குள் உலோகத் தகடு வைத்தார்கள். 2022இல்தான், அறுபது வருடம் கழித்து, அதை எடுத்தார்கள். முதல்தரப் போட்டிகளில் திரும்ப விளையாடினார், ஆனால் டெஸ்ட் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று பாடசாலை மைதானத்தில்கூட ஹெல்மட் இல்லாமல் துடுப்பெடுத்தாட விடமாட்டோம். அதே பிள்ளை மைச் முடிந்து தறாவீஹ் நேரத்து ரோட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வெறுந்தலையோடு பறக்கிறான். பந்தை விட ரோட்டு மெதுவா? ஹெல்மட்டைத் தலையில் போட்டுப் பட்டியையும் மாட்டுங்கள். பட்டி மாட்டாத ஹெல்மட் உங்களுக்கு முன்னால் போய் விழும். யாராவது விழுந்து கிடந்தால் தூக்கி மடக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மகனுக்கும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டோம். இனி யாராவது கேட்டால், "காயம் ஆறிட்டு, வாப்பா இன்னும் ஆறல்ல" என்று சொல்லப் போகிறானாம். அவனுடைய சொல்தான், நாங்கள் சொல்லிக் கொடுத்ததை விட அது நன்றாக இருக்கிறது.

இதை அவருக்கு வாசித்துக் காட்டினோம், இரண்டு நாளாக, துண்டு துண்டாக. பால் பாத்திரம் கருகியது பொய் என்றார். மூத்த மகள் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சிரித்தார். பிறகு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறோம்:

"அந்த பாண்டிருப்பு ஓட்டோக்காரத் தம்பி இத வாசிச்சா, இல்லாட்டி அவரத் தெரிஞ்ச ஆரும் வாசிச்சா, வீட்ட வரச் சொல்லுங்க. ஒரு சாரன் நெஞ்சு வெச்சிரிக்கன். கரை கொஞ்சம் கோணல். வந்தா ஆரெண்டு சொல்லிட்டு வரணும், எனக்கு முகம் தெரியா."